பாயிடம் தேதி வாங்குகிறவள்

பெட்டியின் பொத்தானை அழுத்திய கை மீள்வதற்குள் கண்ணகியின் மறு கை டெலீட் விசையைத் தட்டத் தொடங்கிவிடும். திரையில் இன்னும் ஒன்றும் வந்திருக்காது, வெறும் கறுப்பு. உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிந்த வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி, அவசரமில்லாமல், விடாமல் தட்டிக்கொண்டே இருப்பாள். பெட்டிக்குள் எங்கிருந்தோ ‘பீப்’ என்று ஒரு சத்தம் வரும். சட்டென்று திரை முழுக்க நீலம் பரவி, வரி வரியாக மஞ்சள் எழுத்து வந்து நிற்கும். “வந்துட்டாரு பாய்” என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள்.

கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில், கடைவீதியிலிருந்து கடலுக்குப் போகிற சந்தில் இருக்கிறது அவள் கடை. ஒரு பக்கம் கோழிக்கறிக் கடை, மறுபக்கம் தையல் கடை. தையல் கடைக்கும் இவள் கடைக்கும் நடுவில் வெறும் பலகைத் தடுப்புதான். அங்கே ஊசி விழுந்தால் இங்கே கேட்கும். வெளியே பெயர்ப்பலகையில் ‘கம்ப்யூட்டர் ஜாதகம், திருமணப் பொருத்தம், ஜெராக்ஸ்’ என்று எழுதியிருக்கும். உப்புக்காற்று தின்றதில் எழுத்தெல்லாம் வெளுத்து, தெரிந்தவர்கள் மட்டும் படிக்கக்கூடியதாக ஆகிவிட்டது. கண்ணகிக்கு நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். பிறந்த ஊர் திருக்கழுக்குன்றத்துக்கு உள்ளடங்கிய ஒரு கிராமம். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். புருஷன் ஜானகிராமன் வேன் ஓட்டுகிறார். பேச்சுக்கு நடுவில் திடீரென்று காணாமல் போய்விடுகிற மனைவி தனக்கு வாய்த்திருப்பதாக அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார்.

அது உண்மைதான். ஜெராக்ஸ் எடுக்கத் தாளை வைத்து மூடிவிட்டு, பொத்தானை அழுத்தாமல் சந்து முனையில் தெரிகிற துண்டுக் கடலைப் பார்த்தபடி நிற்பாள். வந்தவர் இருமினால்தான் திரும்பி வருவாள். கோபித்துக்கொள்ள ஒருவருக்கும் மனசு வராது. அப்படி ஒரு முகம்.

ஜோசியம் அவளுக்குத் தெரியாது. கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அதை முதலிலேயே சொல்லிவிடுவாள். “நான் ஜோசியக்காரி இல்லீங்க. மிஷினு சொல்லுது, நான் பேப்பர கீச்சித் தர்றேன்.” கடையை முன்பு நடத்தியவர் வேறொருவர், கண்ணகி அவரிடம் டைப் அடிக்கச் சேர்ந்தவள். அந்தப் பெரியவர் தன் மகனோடு பூனாவுக்குப் போனபோது பெட்டியையும் பிரிண்டரையும் இவளிடமே விட்டுவிட்டுப் போனார். அந்த ஜாதகக் கணக்கு அந்தப் பெட்டியைத் தவிர வேறெதிலும் ஓடாது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டுப் பார்த்தார்கள், முறைத்துக்கொண்டு நின்றுவிட்டது. ஆகவே பழையதே நீடிக்கிறது.

நீலத் திரைக்குப் ‘பாய்’ என்று பெயர் வந்த கதையைக் கடைவீதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பெட்டிக்குள் பொட்டு டப்பா மூடி அளவில் ஒரு பேட்டரி இருக்கிறது. கரண்ட் இல்லாத நேரத்திலும் தேதியை நினைவில் வைத்திருப்பது அதன் வேலை. ஒரு நாள் அது உயிரை விட்டது. பெட்டியைத் திறந்தால் தேதி வருஷக்கணக்கில் பின்னால் போய் நிற்கிறது. கண்ணகி கேளம்பாக்கத்தில் இருக்கிற மெக்கானிக் ஜான்சனுக்குப் போன் போட்டாள். அவர் ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். இரைச்சலுக்கு நடுவே, “ஒண்ணியும் இல்லக்கா. பயாஸ்ல போயி தேதிய மாத்திக்க, சரியா பூடும்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

புதுப்பட்டினத்தில் பயாஸ் என்றால் ஒன்றே ஒன்றுதான்: கடைவீதி முனையில் பயாஸ் பாய் வைத்திருக்கிற செல்போன் கடை. கண்ணகி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நேரே அங்கே போனாள். தேதி மாற்ற வேண்டும், ஜான்சன் இங்கேதான் போகச் சொன்னார் என்று நின்றாள். பயாஸ் பாய் மேலும் கீழும் பார்த்தார். என்ன நினைத்தாரோ, மேசைக்கு அடியிலிருந்து கடைப் பெயர் போட்ட தினசரிக் காலண்டர் ஒன்றை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். டீ வாங்கிக் கொடுத்தார். வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவைத்தார். பெட்டியின் நீலத் திரைக்குத்தான் கம்ப்யூட்டர்காரர்கள் பயாஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விஷயம் தெரிந்த அன்று ஜான்சன் சிரித்த சிரிப்பில் கேளம்பாக்கத்துக்கும் சேதி போயிற்று. அதிலிருந்து அந்தத் திரை ‘பாய்’ ஆகிவிட்டது. வருஷம் தவறாமல் பயாஸ் பாயும் ஒரு காலண்டர் கொடுத்துவிடுகிறார். அதில்தான் தாளைக் கிழித்து, தேதியைப் பார்த்து, கண்ணகி பெட்டிக்குச் சொல்கிறாள். ஆக மொத்தம் ஜான்சன் சொன்னது சரியாகத்தான் போயிற்று.

பேட்டரியை மாற்றினால் தீர்ந்தது என்று நினைக்கலாம். மாற்றினாள். ஆனால் பேட்டரியைப் பிடித்துக்கொள்கிற தகட்டுக் கால் கடல் காற்றில் துருவேறி ஒடிந்துவிட்டது. புதுக் கால் வைத்துப் பற்றவைக்கலாம்தான். அந்தச் சூட்டை இந்தக் கிழட்டு போர்டு தாங்காது என்று ஜான்சன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஆகையால் பெட்டி ஒவ்வொரு நாளும் எல்லாவற்றையும் மறந்துவிட்டு எழுந்திருக்கிறது. இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம், ஜனவரி ஒன்று. அது ஒரு செவ்வாய்க்கிழமை. ஊர் உலகத்துக்கு முகூர்த்தம் பார்த்துச் சொல்கிற பெட்டி, நல்ல காரியம் எதையும் தொடங்காத கிழமையில் தினமும் கண் விழிப்பதில் கண்ணகிக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நீலத் திரையில் உள்ள இங்கிலீஷ் அவளுக்கு அரைகுறையாகத்தான் புரியும். இடம் தெரியும். மேலே முதல் வரியில் எண்டர். தேதிக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. பெட்டியில் முன்பு ஃபிளாப்பி போடுகிற வாய் ஒன்று இருந்தது. கெட்டுப்போய், கழற்றி எடுத்து ரொம்ப நாளாயிற்று. பெட்டிக்கு அது தெரியாது. இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தேடும், கிடைக்காமல் முனகும். அந்த வரிக்குப் போய், இல்லை என்று மாற்றிவிட வேண்டும். கண்ணகி அதை மாற்றும்போது தணிந்த குரலில், “அது இல்லப்பா, தேடாத” என்பாள். நாள் தவறாமல் ஒரே துக்கத்தைப் புதிதாகச் சொல்லவேண்டியிருக்கிறதே என்று இருக்கும் அவளுக்கு.

பிறகு வருஷம். அதை எண்ணாக அடிக்க அவள் பழகவில்லை. ஒரு விசையைத் தட்டத் தட்ட ஒவ்வொரு வருஷமாக ஏறும். இரண்டாயிரத்து மூன்றில் அவளுக்குக் கல்யாணம். பந்தலில் மழை ஒழுகியது. அடுத்தது நான்கு. அந்த இடத்தில் மட்டும் விரல் நிற்காமல் இரண்டு தட்டு சேர்த்துத் தட்டும். கடல் உள்ளே வந்த வருஷம் அது. கடை வாசலில் கூடையை இறக்கி வைத்து இளைப்பாறுகிற கன்னியம்மா என்கிற மீன்காரம்மா அந்தக் காலையில் குப்பத்தில் இருந்தாள். அதற்குப் பிறகு எங்கேயும் இல்லை. மகளுக்குப் பொருத்தம் பார்க்கத் தேதி கேட்டுவிட்டுப் போயிருந்தாள். நீலத் திரை கண் விழிக்கிற நாளில் கன்னியம்மா உயிரோடு இருக்கிறாள், கூடை நிறைய சங்கரா மீன் இருக்கிறது, அலை அதன் இடத்தில் இருக்கிறது. அந்த நாளை விட்டுக் கிளம்பி வருவதற்குக் கண்ணகிக்கு ஒவ்வொரு காலையிலும் மனசு வலிக்கும். அதை அவள் ஒளிப்பதில்லை. “இங்கியே இருந்துடலாம் போல கீது. இங்க இன்னும் எதுவும் ஆவல” என்று தையல் கடைச் சங்கரியிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்.

ஒரு நாள் விரலை எடுக்க மறந்து இன்றைய வருஷத்தையும் தாண்டிப் போய்விட்டாள். பார்த்தால் வருஷம் ஏறிக்கொண்டே போகிறது. அவள் இல்லாத வருஷங்கள், அவள் பிள்ளைகளும் இல்லாத வருஷங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கிழமை மட்டும் தவறாமல் வந்து நிற்கிறது. அவ்வளவு தூரத்திலும் வெள்ளிக்கிழமை இருக்கிறது என்பது அவளுக்கு என்னவோ ஆறுதலாக இருந்தது. மெல்ல இறங்கி வந்து, இன்றைய தேதியில் நிறுத்தி, எஃப் டென், ஒய், எண்டர். பாய் விடை கொடுத்துவிடுவார்.

இப்படிக் கிழமும் மறதியுமாக இருக்கிற பெட்டிக்கு ஊரில் இருக்கிற மதிப்பைப் பார்த்தால் சிரிப்பு வரும். கைபேசியில் தட்டினால் ஜாதகம் இலவசமாக வந்து கொட்டுகிறது. அதற்கு ராசி இல்லை என்கிறார்கள். கண்ணகி கடையின் பெட்டி பழையது, அதற்குப் பொய் சொல்லத் தெரியாது என்று ஒரு பேச்சு எப்படியோ கிளம்பிவிட்டது. அணுபுரத்தில் இருக்கிற உத்தியோகஸ்தர்கள் வருகிறார்கள், குப்பத்திலிருந்து வருகிறார்கள், மதுராந்தகம் பக்கத்திலிருந்துகூட பஸ் மாறி மாறி வருகிறார்கள். பிரிண்டர் கறகறவென்று பல்லைக் கடித்துக்கொண்டு தாளைத் துப்பும்போது அவர்கள் கோயிலில் நிற்பதுபோல் நிற்பார்கள்.

படாளத்து அம்சாவும் அப்படி வந்தவள்தான். ஐப்பசி மழை நாள், பிற்பகல். நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே உள்ளே வந்தாள். மகள் ஸ்ரீதேவிக்கு ஜாதகம் எடுக்க வேண்டும். மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற பெண், இருபத்தேழு வயது. வருகிற இடமெல்லாம் ஜாதகத்தைப் பார்த்துவிட்டுச் சனி தசை நடக்கிறது என்று தட்டிப்போகிறது. வாசல் வரை வந்து காபி குடித்துவிட்டுப் போனவர்களே ஏழெட்டு பேர். இப்போது அணுபுரத்திலிருந்து ஓர் இடம் வந்திருக்கிறது. இதுவும் போய்விட்டால் அந்தப் பெண் இனிமேல் யார் முன்னாலும் வந்து நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டதாம். இதையெல்லாம் அம்சா சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. சிறிது நேரத்தில் வந்தது.

பெட்டி தானாக எழுந்துகொண்டது. பாயைப் பார்க்க வேண்டுமானால் டெலீட்டைத் தட்டு, இல்லை அப்படியே உள்ளே போகலாம் என்றால் எஃப் ஒன்னைத் தட்டு என்று கறுப்புத் திரையில் கேள்வி கேட்டு நிற்கும் அது. கண்ணகி அந்தக் கேள்வி வரும்வரை ஒருநாளும் விட்டதில்லை. அன்று விட்டுவிட்டாள். அம்சா சொன்னதில் அவள் மனசு எங்கேயோ போயிருந்தது; யார் வீட்டுக் கூடத்திலோ, காபித் தட்டோடு வந்து நின்றுவிட்டுத் திரும்பி நடக்கிற ஒரு பெண்ணின் பின்னால் போய்க்கொண்டிருந்தது. கை தன்பாட்டில் எஃப் ஒன்னை அழுத்தியது. பிறந்த நாளையும் நேரத்தையும் அடித்தாள். தாள் வந்தது. நடப்பு ராகு தசை, முடிய இன்னும் சில மாதங்களே. அடுத்து குரு தசை. கண்ணகி அதை வாசித்துச் சொன்னதும் அம்சா இரண்டு கையாலும் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மழையிலேயே ஓடினாள்.

தவறு தெரிந்தது விளக்கு வைக்கிற நேரத்தில். திரையின் கீழ் மூலையில் வருஷம் இரண்டாயிரத்து இரண்டு என்று இருந்தது. நடப்பு தசை என்று பெட்டி சொல்வது அது நினைத்துக்கொண்டிருக்கிற தேதிக்கு. அந்தத் தேதியில் ஸ்ரீதேவி பால்பல் விழாத குழந்தை. பாயைப் பார்த்துவிட்டு வந்து அதே விவரத்தை மறுபடி போட்டாள். சனி தசைதான், தீரப் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கிறது. அம்சாவின் போன் நம்பரை வாங்கி வைக்கவில்லை. படாளம் போய்த் தேடலாம் என்று ஜானகிராமனிடம் சொன்னாள். ஒரு தாளுக்காக ஊர் ஊராகப் போவார்களா, வந்தால் மாற்றிக் கொடுத்துவிடு என்றார் அவர்.

வந்தது அம்சாவேதான், வெற்றிலை பாக்கோடும் மைசூர்பாக்கோடும். அணுபுரத்துக்காரர்கள் தாளைப் பார்த்தார்களாம். கெட்ட நேரம் முடியப் போகிறது என்று சந்தோஷப்பட்டார்களாம். பெண்ணையும் பிடித்துவிட்டது. பையன் கலையரசன் கேளம்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் இருக்கிறானாம், தங்கமான குணமாம். கண்ணகி வாயைத் திறந்தாள். அதற்குள் அம்சா மைசூர்பாக்கில் ஒரு துண்டை அந்த வாயில் போட்டுவிட்டாள். “எல்லா மிஷினும் குருட்டு மிஷினும்மா. உன் மிஷினுக்குத்தான் கண்ணு தெரியுது” என்றாள். இனிப்பை விழுங்குவதற்குக் கண்ணகிக்கு வெகு நேரம் பிடித்தது. அதன் பிறகு அவளால் சொல்ல முடியவில்லை.

சில வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் நீலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தால், இல்லாத ஃபிளாப்பியைப் பற்றிச் சொல்லக்கூட மறந்துவிடுவாள். ஜானகிராமனைப் போல, ஒரு தாள்தானே என்று அவளால் விட முடியவில்லை. நாளைக்கு அந்த வீட்டில் பால் திரிந்தால்கூட ஜாதகத்தை எடுத்து விரிப்பார்கள். பொய்த் தாள் என்று தெரிந்தால் பழி பெட்டி மேல் விழாது, தன் மேலும் விழாது. அந்தப் பெண் மேல்தான் விழும். சொன்னாலோ இப்போதே எல்லாம் முடிந்துவிடும். இரண்டில் எது பாவம் என்று காலண்டரில் போட்டிருக்கவில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில், தையல் கடை வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. இறங்கியவர் கலையரசனின் அம்மா கல்யாணி. பின்னால் உட்கார்ந்து வந்தது ஸ்ரீதேவி. நிச்சயத்துக்கு ரவிக்கை தைக்க அளவு கொடுக்க வந்திருந்தார்கள். கல்யாணி சங்கரியிடம் துணியை விரித்துப் பேசிக்கொண்டிருக்க, பெண் மட்டும் கண்ணகியின் கடைக்குள் வந்து, அம்மா பார்த்துவிட்டு வரச் சொன்னதாகச் சொல்லிக் கூச்சத்தோடு நின்றாள். கறுப்பு, மெலிவு, பெரிய கண். கண்ணகி அவளை உட்காரச் சொன்னாள். பையனைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டுவைத்தாள்.

ஸ்ரீதேவி நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “டெய்லி காலைல கம்பெனி பஸ்ஸுல போவசொல்ல போன் பண்ணுவாருக்கா. வேற எதுவும் பேச மாட்டாரு. நாஸ்தா துண்ணியான்னு கேப்பாரு, துண்ணேன்னு சொன்னா வச்சிடுவாரு. என்னாண்ட இத்தினி வருஷத்துல யாரும் அத்த கேட்டதில்ல.”

அவ்வளவுதான். அளவெடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து போய்விட்டாள். கண்ணகி இவளிடம் சொல்லிவிடலாம் என்று எடுத்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

கல்யாணி உள்ளே வந்தார். நிதானமான பெண்மணி, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். போன தடவை எடுத்த அதே ஜாதகம் இன்னொரு பிரதி வேண்டும். அது மேல் பாயசம் கொட்டிவிட்டது. அவருடைய அண்ணன் காஞ்சிபுரத்தில் இருக்கிறார். குடும்பத்துக்குப் பெரியவர், தாளைக் கையில் வாங்கிப் பார்க்காமல் எந்தச் சபைக்கும் வரமாட்டார். “எங்களுக்குப் பொண்ணைப் பார்த்ததே போதும்மா. இது எங்க அண்ணனுக்காக. போட்டோ எடுத்து அனுப்புறேன்னேன், மஞ்சள் வெச்ச தாள்தான் வேணும்னுட்டார்” என்றார்.

பெட்டி அன்றைக்கு இன்னும் திறக்கப்படவில்லை. கண்ணகி பொத்தானை அழுத்தினாள். மறு கை டெலீட்டுக்குப் போகவில்லை. கறுப்புத் திரையில் கேள்வி வந்து நின்றது. இத்தனை வருஷத்தில் அவள் அதை முழுசாகப் படித்தது அன்றைக்குத்தான். டெலீட்டைத் தட்டினால் இன்றைக்கு. எஃப் ஒன்னைத் தட்டினால் அன்றைக்கு. அவள் எஃப் ஒன்னைத் தட்டினாள். அதே தாள்தானே கேட்டார், அதையே கொடுப்போம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பிரிண்டர் கறகறத்து முடித்தது.

சின்னக் கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்தாள். மேல் மூலை இரண்டிலும் வைத்தாள். கீழே இடது மூலையில் வைத்தாள். வலது மூலையில் தேதி இருந்தது, எறும்பு எழுத்தில். மஞ்சளை வழக்கம்போல் வைத்தாலே அது மறைந்துவிடும். விரல் அந்த இடத்துக்கு மேலே போய் நின்றது, இறங்க மாட்டேன் என்றது. கண்ணகி விரலை முந்தானை ஓரத்தில் துடைத்துக்கொண்டாள். தாளைக் கல்யாணி பக்கம் திருப்பி, கிண்ணத்தையும் அதன் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

“அந்த மூலையில ஒரு தேதி கீது மேடம். பாத்துட்டு சொல்லுங்க.”

கல்யாணி கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். குனிந்து பார்த்தார். “ரெண்டாயிரத்து ரெண்டுன்னு போட்டிருக்கே?”

“மிஷினு எழுந்துக்கசொல்ல அந்தத் தேதியிலதான் எழுந்துக்கும். நாந்தான் மாத்தணும். அன்னிக்கி மாத்தாம பூட்டேன். ராகு முடியுது, குரு வருதுன்னு வந்தது அந்தத் தேதிக்கு. இன்னிக்கித் தேதி போட்டா சனி மேடம். தீர்றதுக்குப் பத்து வருசத்துக்கு மேல கீது. அவங்க அம்மாவுக்குத் தெரியாது, அந்தப் பொண்ணுக்கும் தெரியாது. தப்பு என்னுது. மாத்தி எட்துத் தரச் சொன்னா தர்றேன்.”

கண்ணகி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்து முனையில் கடல் வெயிலில் மினுமினுத்தது. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சங்கரி டேப்பை இழுக்கிற சத்தம், கையைத் தூக்கு, இறக்கு என்று சொல்கிற சத்தம். பிறகு ஸ்ரீதேவியின் குரல் கேட்டது: கை கொஞ்சம் நீளமாக இருக்கட்டும், அத்தைக்கு அப்படித்தான் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கல்யாணி தடுப்பைத் திரும்பிப் பார்த்தார். மோதிர விரலைக் கிண்ணத்தில் தோய்த்து எடுத்து, வலது மூலையில் தேதியின் மேல் வைத்து அழுத்தித் தடவினார். போதாது என்று தோன்றியதோ என்னவோ, இன்னொரு தரம் தொட்டு வைத்தார்.

கண்ணகி குனிந்து, அந்த மூலை காயும்வரை வாயால் ஊதிக்கொண்டே இருந்தாள்.